நலமாயிருக்கும் நாளிலும் நிறுத்தலாகாத மருந்து

நோய் வந்தால் மருந்து உண்பதும், நோய் தணிந்தால் மருந்தை நிறுத்துவதும் நம் மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். தலைவலிக்கும் சளிக்கும் இவ்வழக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால், பிறவியிலேயே உடன் வரும் சில நோய்களுக்கு இது சிறிதும் பொருந்தாது. அவற்றில் மருந்து நோயை வேரோடு களைவதில்லை; நோய் தலைதூக்காதவாறு நாள்தோறும் காவல் நிற்கிறது. திருடன் வரவில்லை என்று காரணம் காட்டிக் காவற்காரனை வேலையினின்று நீக்குவார் உண்டோ? எனினும், மருந்து விஷயத்தில் இத்தவற்றை நன்கு படித்தவர்களும் செய்துவிடுகிறார்கள்.

அத்தகைய நோய்களுள் ஒன்று வில்சன் நோய். உடலில் செம்பு சேர்ந்து, கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும் நோய் இது. உலகில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேருக்கு ஒருவரை இது பற்றுவதாகக் கணக்கிட்டுள்ளனர். அரிய நோய்தானே என்று இதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. உறவுக்குள் மணம் செய்யும் வழக்கம் உள்ள நம் பகுதிகளில் இத்தகைய நோய்களுக்கு இடம் அதிகம். அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு: பிறவி நோய்களில் மருந்தால் முற்றிலும் கட்டுப்படுத்தத் தக்கவை சிலவே, அச்சிலவற்றுள் இது ஒன்று. காலத்தில் கண்டுபிடித்துத் தவறாமல் மருந்து உண்டால் இயல்பான வாழ்நாளை வாழலாம். கண்டுபிடிக்கத் தவறினாலும், கண்டுபிடித்தபின் மருந்தை நிறுத்தினாலும் முடிவு மரணமே.

இதனை எழுதும் உரிமை எனக்கு மருத்துவப் படிப்பினால் வந்ததன்று. நான் கூட்டுறவுத் துறையில் இன்ஸ்பெக்டர். என் படிப்பு வணிகவியல். ஆயினும், 2001ஆம் ஆண்டு, என் பன்னிரண்டாம் வயது முதல் இந்நோய்க்கு மருந்து உண்டு வருபவன் நான். என் தமையனாருக்கும் இதே நோய் இருந்தது. அவர் இன்று இல்லை. அந்த வரலாற்றையும் உரிய இடத்தில் கூறுவேன்.

உடலின் செம்புக் கணக்கு

செம்பு நம் உடலுக்கு வேண்டாத பொருள் அன்று. இரத்தம் ஊறுவதற்கும் நரம்புகள் இயங்குவதற்கும் அது சிறிதளவு தேவை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. தானியம், பருப்பு, கொட்டை வகைகள் முதலான உணவுகளின் வழியே நாம் அதனினும் சற்று அதிகமாகவே உட்கொள்ளுகிறோம். எஞ்சியதைக் கல்லீரல் பித்த நீருடன் கலந்து குடலுக்கு அனுப்பி, மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இவ்வாறு வரவும் செலவும் ஒத்துப்போவதால், வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதிலும் இருக்கும் செம்பு சுமார் 100 மில்லிகிராம் அளவிலேயே நிற்கிறது.

வில்சன் நோயில் வரவு வழக்கம்போல் நடக்கிறது. செலவு மட்டும் நின்றுபோகிறது. கல்லீரலிலிருந்து செம்பைப் பித்தத்தில் சேர்க்கும் புரதம் ஒன்று உண்டு. அதனை அமைக்கும் மரபணு பழுதுற்றிருப்பதே காரணம். ஏ.டி.பி. 7 பி என்று பெயரிடப்பெற்ற அந்த மரபணு பதின்மூன்றாம் குரோமோசோமில் இருப்பதை 1993ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். செலவு எழுதப்படாத பேரேட்டில் இருப்பு நாள்தோறும் ஏறுவதுபோல, கல்லீரலில் செம்பு ஏறிக்கொண்டே போகிறது. உலர்ந்த கல்லீரல் ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்கு மேற்படாதிருக்க வேண்டிய செம்பு, இந்நோயாளரிடம் பெரும்பாலும் 250 மைக்ரோகிராமைத் தாண்டிவிடுகிறது. கல்லீரலில் இடம் நிறைந்தபின் செம்பு இரத்தத்தில் வழிந்து, மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் படிகிறது.

குழந்தை பிறந்தவுடன் எக்குறியும் தோன்றாது. ஐந்து வயதுக்கு முன் நோய் வெளிப்படுவது அரிது. பெரும்பாலும் ஐந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள் வெளிப்படும். சிலருக்குக் காமாலை, வயிற்று வீக்கம், கால் வீக்கம், இரத்தச் சோகை ஆகிய கல்லீரல் குறிகளாக வரும். சிலருக்குக் கை நடுக்கம், பேச்சுக் குழறல், வாயில் எச்சில் ஒழுகுதல், நடை தடுமாறுதல், கையெழுத்துக் கெடுதல் என்று நரம்புக் குறிகளாக வரும். மற்றும் சிலருக்கு முதற்குறி மன மாற்றமே: காரணமில்லாத சினம், படிப்பில் திடீர்ப் பின்னடைவு, சோர்வு. பிள்ளை சோம்பேறியாகிவிட்டான் என்றும், கெட்ட சகவாசம் என்றும், காற்றுச் சேஷ்டை என்றும் பெற்றோர் எண்ணி, பொன்னான மாதங்களை இழப்பது இங்கேதான்.

என் தமையனார் மயிலாப்பூரில் பள்ளி மாணவராயிருந்தபோது வகுப்பிலேயே அழகிய கையெழுத்து அவருடையது. பதினைந்தாம் வயதில் அது கோணத் தொடங்கியது. ஆசிரியர் கண்டித்தார். தந்தையார் தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடையில் கணக்கெழுதுபவர். கையெழுத்தைப் பெரிதாக மதிப்பவர். நாள்தோறும் இரண்டு பக்கம் எழுதிக் காட்டுமாறு அவர் பணித்தார். எழுத எழுத அது மேலும் கெட்டது. பின்னர்ப் பேச்சும் குழறியது. ஓரிடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்தனர். எட்டு மாதம் சென்றபின், கண்ணாடி மாற்றுவதற்காக அடையாற்றில் கண் மருத்துவர் ஒருவரிடம் போயிருந்தோம். அவர் கருவியினால் பார்த்துவிட்டு, “இந்தப் பையனின் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறது, உடனே கல்லீரலைச் சோதியுங்கள்” என்றார். அவ்வளையமே நோயின் அடையாளம் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நோய் அறியப்பட்ட வரலாறு

அந்த வளையத்தை முதலில் கண்டு எழுதியவர்கள் ஜெர்மானியக் கண் மருத்துவர்களான கைசர், பிளைஷர் என்னும் இருவர். 1902, 1903ஆம் ஆண்டுகளில் அவர்கள் எழுதினர். கருவிழியின் ஓரத்தில் செம்பு படிவதே அவ்வளையம். 1912ஆம் ஆண்டில் இலண்டன் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன், கல்லீரலும் மூளையும் சேர்ந்து கெடும் இந்நோயை விரிவாக விவரித்தார். அவர் பெயராலேயே நோய் வழங்குகிறது. அவர் காலத்தில் இதற்கு மருந்தில்லை. நோய் கண்டால் சாவு உறுதி.

இந்நிலை 1956இல் மாறியது. ஆங்கில மருத்துவர் ஜான் வால்ஷ், பெனிசிலின் மருந்து உண்ட நோயாளர்களின் சிறுநீரில் பெனிசிலமின் என்னும் ஒரு பொருள் இருப்பதை முன்பே கண்டிருந்தார். பின்னர் அவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருந்தபோது ஒரு வில்சன் நோயாளரைப் பார்க்க நேர்ந்தது. பெனிசிலமினின் வேதி அமைப்பை எண்ணிப் பார்த்த அவருக்கு, அது செம்பைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளிக் கொணரும் என்று தோன்றியது. முதலில் தாமே உண்டு பார்த்து, பின்னரே நோயாளருக்குக் கொடுத்தார். செம்பு வெளியேறியது. அது முதல் இந்நோய் மருந்தால் கட்டுப்படும் நோயாயிற்று. பெனிசிலமின் ஒவ்வாதவர்களுக்காக டிரையென்டின் என்னும் மற்றொரு மருந்தையும் அவரே 1969இல் பயன்படுத்தினார். நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள் 1960களிலேயே துத்தநாக உப்பைக் கையாண்டு நற்பயன் கண்டனர்.

பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகள் என்னும் கருத்தை உலகுக்கு எடுத்துரைத்தவர் இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட். 1908ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் அவர் அதனை விளக்கினார். தாம் ஆராய்ந்த வேறொரு பிறவிக் கோளாற்றில், பெற்றோர் பலர் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களின் மக்களாயிருந்ததை அதற்கு முன்பே 1902இல் அவர் சுட்டிக் காட்டியிருந்தார். அது நமக்கும் உரிய செய்தி.

பரம்பரை வரும் வழி

நெசவாளருக்கு இதனை விளக்குவது எளிது. இரண்டு இழைகளை முறுக்கிய நூலில் ஓரிழை நைந்திருந்தாலும் நூல் அறுவதில்லை, மற்றோரிழை தாங்கிக்கொள்ளும். இரண்டும் நைந்திருந்தால் நூல் அறும். மரபணுவும் அவ்வாறே தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று என இரட்டையாக இருக்கிறது. ஒன்று மட்டும் பழுதானவர் நலமாகவே வாழ்வார்; தம்மிடம் பழுது இருப்பதையே அவர் அறியார். அவரைத் தாங்கி என்பர். ஏறத்தாழ 90 பேருக்கு ஒருவர் இந்நோய்க்குத் தாங்கி என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தாங்கியான ஆணும் தாங்கியான பெண்ணும் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாங்கியாகும் வாய்ப்பு நான்கில் இரண்டு. இரண்டும் பழுதற்றிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த பிள்ளை தப்பும் என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு பேறும் புதிய கணக்கே. ஆண், பெண் என்ற வேறுபாடும் இதில் இல்லை.

அயலார் இருவர் மணக்கும்போது இருவரும் தாங்கிகளாக அமைவது அரிது. அத்தை மகள், மாமன் மகன், தாய்மாமன் என்னும் உறவுகளில் மணக்கும்போது, ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் நடைபெறும் மணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உறவுமுறை மணங்கள் என்பது 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் வெளியான செய்தி. என் பெற்றோரும் அவ்வாறே மணந்தவர்கள். இதனைக் குற்றம் கூறும் நோக்கத்துடன் எழுதவில்லை. உறவு மணத்தில் பிறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆனால், குடும்பத்தில் இளவயதில் கல்லீரல் நோயாலோ விளங்காத நரம்பு நோயாலோ யாரேனும் இறந்திருந்தால், மணம் பேசுமுன் மருத்துவரை நாடுவது நன்று.

உடன்பிறந்தாரைச் சோதித்தல்

இக்கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே. முதலாவது இது: ஒருவருக்கு வில்சன் நோய் என்று தெரிந்தால், அவருடன் பிறந்த ஒவ்வொருவரையும், எத்துணை நலமாயிருப்பினும், சோதிக்க வேண்டும். அவர்களுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று அல்லவா?

சோதனைகள் கடினமானவை அல்ல. இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் செம்புப் புரதத்தின் அளவைப் பார்ப்பர். 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால் ஐயத்திற்கு இடமுண்டு. இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேர்த்து அதிலுள்ள செம்பை அளப்பர். நோயின் குறிகள் தோன்றியவரிடம் அது பெரும்பாலும் 100 மைக்ரோகிராமுக்கு மேலிருக்கும். கண் மருத்துவர் பிளவு விளக்கு என்னும் கருவியால் கருவிழி வளையத்தைப் பார்ப்பர். நரம்புக் குறி உடையோரில் மிகப் பெரும்பாலோருக்கு வளையம் இருக்கும். கல்லீரல் குறி மட்டும் உடையோரில் பாதிப் பேருக்கே இருக்கும். ஆதலின், வளையம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்ளலாகாது. ஐயம் நீங்காவிடில் மரபணுச் சோதனையும் உண்டு.

தமையனாரின் நோய் தெரிந்த மாதத்திலேயே என்னையும் சோதித்தனர். நான் மெரினாவில் பந்தாடிவிட்டு வந்த பிள்ளை. உடலில் ஒரு குறையும் அறியாதவன். எனக்கும் நோய் இருந்தது. தாயார் அன்று இரவு முழுவதும் உறங்கவில்லை. ஆயினும் அச்சோதனையே என்னைக் காத்தது. கல்லீரலும் மூளையும் கெடுமுன்பே எனக்கு மருந்து தொடங்கிற்று. ஆதலின் எக்குறியும் எனக்கு இதுவரை வந்ததில்லை.

மருந்துகளும் உண்ணும் முறையும்

எம்மருந்தை, எவ்வளவு உண்பது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். இங்கே பொதுமுறையை மட்டும் கூறுகிறேன்.

பெனிசிலமின் செம்பைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றுவது. சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ, இரண்டு மணி நேரம் பின்னோ வெறும் வயிற்றில் உண்ண வேண்டும்; உணவோடு உண்டால் உடலில் நன்கு சேராது. இம்மருந்து உடலிலுள்ள பி6 வைட்டமினைக் குறைப்பதால் அதனையும் உடன் கொடுப்பர். இரும்புச் சத்து மாத்திரையையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் இதனுடன் சேர்த்து உண்ணலாகாது. இடையே சில மணி நேரம் விடவேண்டும். காய்ச்சல், தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம் இறங்குதல், இரத்த அணுக்கள் குறைதல் ஆகிய தீய விளைவுகள் சிலருக்கு உண்டு. ஆதலால் முதல் மாதங்களில் இரத்தத்தையும் சிறுநீரையும் அடிக்கடி சோதிப்பர். நரம்புக் குறி உடையவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் நோய் மிகுவதும் உண்டு. அப்போது அஞ்சித் தாமே மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் ஓடவேண்டும்.

துத்தநாகம் வேலை செய்யும் முறை வேறு. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களில் செம்பைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தை அது பெருக்குகிறது. உணவிலிருந்து வரும் செம்பு அவ்வணுக்களிலேயே சிக்கிக்கொள்ளுகிறது. சில நாள்களில் அவ்வணுக்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. பெனிசிலமின் உள்ளே சேர்ந்த சரக்கை வெளியேற்றுவது. துத்தநாகம் வாசலிலேயே சரக்கை மறிப்பது. நோய்க் குறி தோன்றாதவருக்கும், பெனிசிலமினால் சேர்ந்த செம்பு குறைந்தபின் தொடர்ந்து காப்பதற்கும் துத்தநாகம் ஏற்றது. இதனையும் வெறும் வயிற்றில், பெரும்பாலும் நாளொன்றுக்கு மூன்று வேளை உண்ண வேண்டும். குமட்டல் சிலருக்கு வரும்.

மூன்று வேளை, ஒவ்வொரு வேளையிலும் உணவுக்கு இடைவெளி என்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. காலையில் எழுந்து மருந்தை விழுங்கி, காப்பி மணம் வீடெங்கும் கமழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். திருமண வீட்டில் பந்தி போடும் நேரம் நம் மருந்து வேளையைக் கேட்டு வருவதில்லை. ஆய்வுக்காக வெளியூர்ச் சங்கங்களுக்குச் செல்லும்போது, அன்புடன் நீட்டும் சிற்றுண்டியை, “சற்றுப் பொறுங்கள்” என்று ஒதுக்கி வைத்து நான் எத்தனையோ முறை சங்கடப்பட்டதுண்டு. காரணத்தை மறைக்காமல் கூறத் தொடங்கியபின் அச்சங்கடம் தீர்ந்தது. இப்போது சில சங்கங்களில் எழுத்தர்களே எனக்கு மருந்து வேளையை நினைவூட்டுகிறார்கள்.

மருந்து ஒழுங்காக உண்ணப்படுகிறதா என்பதற்குத் தணிக்கையும் உண்டு. இருபத்துநான்கு மணிச் சிறுநீர்ச் சோதனையே அது. பெனிசிலமின் உண்ணத் தொடங்கியவுடன் சிறுநீரில் செம்பு மிகுதியாக வெளிப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் 200 முதல் 500 மைக்ரோகிராம் அளவில் நிலைபெறும். துத்தநாகம் உண்பவரிடம் அது 75 மைக்ரோகிராமுக்குக் கீழ் நிற்க வேண்டும். அளவு மாறுபட்டால், மருந்து போதவில்லை, அல்லது உண்ணப்படவில்லை என்று மருத்துவர் அறிவார்.

கருவுற்ற பெண்கள் பிள்ளைக்குத் தீங்கு வருமென்று அஞ்சி மருந்தை நிறுத்துவதுண்டு. அது தாய்க்குப் பேராபத்து. மருத்துவர் அளவைக் குறைப்பார், நிறுத்தமாட்டார்.

செப்புப் பாத்திரமும் ஜரிகையும்

இந்நோய் உள்ள வீடுகளில் செப்புக் குடத்துத் தண்ணீரை விட்டுவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை இருக்கலாம் என்கிறது. அவ்வளவு நலமுற்றவருக்குத் தீங்கன்று. வெளியேற்றும் வழியடைந்த உடலுக்கோ சுமையாகும். தற்காலத்தில் செம்புப் புட்டியில் நீர் அருந்துவது ஒரு நாகரிகமாகப் பரவியிருக்கிறது. அது இந்நோயாளருக்கு ஆகாது. புளி, மோர், எலுமிச்சை சேர்ந்தவற்றை ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைப்பது யாவருக்குமே ஆகாது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்ததன் காரணம் அதுவே.

செம்புப் பாத்திரம் சிறு குழந்தைகளின் கல்லீரலையும் கெடுத்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. இந்தியக் குழந்தை ஈரல் சுருக்க நோய் என்று உலகெங்கும் அறியப்பட்ட நோய் ஒன்று முன்னாளில் பல வீடுகளில் பச்சிளங் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் மயிலாப்பூர் ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலிருந்த ஜம்மி வேங்கடரமணய்யா மருந்துச் சாலைக்குக் குழந்தைகளின் ஈரல் நோய்க்காகவே மக்கள் தேடிவந்தனர் என்றால், நோயின் பரவலை உணரலாம். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைக் கைக்குழந்தைக்குப் புகட்டியதே இதற்குப் பெருங்காரணம் என்று புனே நகரக் குழந்தைகளை ஆராய்ந்து 1983இல் வெளியிட்டனர். எவர்சில்வர் பாத்திரம் அடுக்களைக்கு வந்தபின் அந்நோய் ஏறத்தாழ மறைந்தேவிட்டது. அது வேறு நோய். வில்சன் நோய் பாத்திரத்தை மாற்றுவதால் மறையாது. இங்கே பழுது உடலுக்குள் இருக்கிறது.

உணவில் ஈரல், நண்டு, சிப்பி, காளான், முந்திரி முதலான கொட்டைகள், சாக்லேட் ஆகியவற்றைச் சிகிச்சையின் முதல் ஆண்டிலேனும் தவிர்க்கச் சொல்வர். ஆனால், பத்தியம் மட்டுமே மருந்தாகாது. தாமிர பற்பம் போன்ற செம்பு சேர்ந்த மருந்துகளை எம்முறை மருத்துவர் கொடுப்பினும் தம் நோயைக் கூறி மறுத்துவிட வேண்டும்.

நெசவாளரும் விவசாயிகளும் கேட்கும் ஐயம் ஒன்றுண்டு. செப்புக் கம்பியில் வெள்ளி முலாமிட்ட ஜரிகையைக் கையாளுவதாலோ, வெற்றிலைக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பதாலோ இந்நோய் வருமா? வராது. இது பிறவியில் வருவதேயன்றித் தொழிலால் வருவதன்று. தொற்றுவதும் அன்று. மயில்துத்தத்தை விழுங்கினால் நஞ்சு. ஆகவே கை கழுவாமல் உண்ணலாகாது என்பது யாவர்க்கும் பொதுவான எச்சரிக்கை.

நிறுத்தியதன் விளைவு

நினைவில் வைக்க வேண்டிய இரண்டாவது செய்திக்கு வருகிறேன். இம்மருந்தை ஒருபோதும் தாமாக நிறுத்தலாகாது.

தமையனார் மருந்து தொடங்கிய இரண்டு ஆண்டுகளில் தேறினார். பேச்சுத் தெளிந்தது. கையெழுத்தும் பெரும்பாலும் திரும்பிற்று. பட்டம் பெற்று, ஊர் ஊராகச் செல்லும் வேலையில் அமர்ந்தார். 2007ஆம் ஆண்டில் ஒரு மாதம் அவர் இருந்த ஊரில் மருந்து கிடைக்கவில்லை. வாங்குவோர் சிலரேயாதலின் சிறு கடைகளில் இதனை வைத்திருப்பதில்லை. ஒரு மாதம் உண்ணாமல் இருந்தார், ஒன்றும் நேரவில்லை. மறு மாதம் மருந்து கிடைத்தது. ஆனால் அவர் உண்ணவில்லை. விடுமுறைக்கு வந்தபோது, “இரண்டு மாதம் ஆயிற்று, அம்மா, ஒன்றும் ஆகவில்லையே. நோய் போய்விட்டது” என்றார். தாயார் அழுதார், நான் வாதாடினேன். அவர் சிரித்தார். நிறுத்திப் பதினோராம் மாதம் காமாலை கண்டது. மூன்று வாரத்தில் கல்லீரல் முற்றிலும் செயலற்றுப் போயிற்று. மாற்றுக் கல்லீரலுக்கு ஏற்பாடு செய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. அவருக்கு வயது இருபத்திரண்டு.

ஒன்றும் நேராததே இந்நோயின் சூழ்ச்சி. மருந்து நின்ற அன்றே வலி எடுத்தால் எவரும் நிறுத்தமாட்டார். செம்போ ஓசையின்றிச் சேருகிறது. நிறுத்தியவர்கள் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ திடீரெனக் கல்லீரல் செயலிழந்து மாண்டதை 1980களில் அமெரிக்க, ஆங்கில மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளனர். அவ்வாறு கெட்டபின் மருந்தை மீண்டும் தொடங்கினாலும் பலருக்குப் பயன்படுவதில்லை. என் தமையனார் அறிவில்லாதவர் அல்லர். தாம் நலமாயிருப்பதை நோய் இன்மை என்று எண்ணினார். அது மருந்தின் பயன் என்பதை மறந்தார். பிழை அவ்வளவே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நலமாயிருக்கும் நாளில் சிறிது சிறிதாகச் செலுத்தி, இடுக்கண் வரும் நாளில் காப்புப் பெறுவது கூட்டுறவின் உயிர்நிலை. அடையாற்றுப் பகுதியில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் தோற்றுவித்த தன்னார்வ சுகாதாரச் சேவை நிறுவனம், குடும்பங்கள் தம் வருவாய்க்கேற்பச் சந்தா செலுத்தி மருத்துவ உதவி பெறும் முறையை அமைத்தது இக்கொள்கையின்மீதே. அத்தகைய எண்ணம் நம் சங்கங்களுக்குப் புதிதன்று. ஆதலின் சில யோசனைகளைக் கூறுகிறேன்.

முதலாவதாக, இவ்வாறு ஆயுள் முழுவதும் மருந்து உண்ணும் அங்கத்தினர் குடும்பங்களுக்கு, அவர்கள் இசைவுடன், மாதந்தோறும் மருந்து தருவித்துக் கொடுக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கலாம். 2025 பிப்ரவரி 24ஆம் நாள் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுள் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. மருந்தகத்தில் இல்லாத மருந்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பது தனி ஆளைவிடச் சங்கத்திற்கு எளிது.

இரண்டாவதாக, ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாத மருந்தைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தால் சென்னையில் என்ன நேரும் என்பதை 2015 டிசம்பரில் கண்டோம். அம்மாதம் அடையாற்றங்கரை வீடுகளில் நீர் புகுந்து கடைகள் அடைத்துக் கிடந்தபோது, நான் பெட்டியில் வைத்திருந்த மருந்தே எனக்கு உதவிற்று.

மூன்றாவதாக, சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் அதே மருந்தைக் கடைக்காரர் கொடுத்தால், பெயரையும் அளவையும் சரிபார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெனிசிலமின் வேறு, பெனிசிலின் வேறு. பெயரொப்புமையால் ஒன்றிற்கு மற்றொன்று மாறிவிடலாகாது.

நான்காவதாக, நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளை எவரேனும் காரணம் விளங்காமல் கையெழுத்துக் கெட்டு, நடை தளர்ந்து, அல்லது காமாலை திரும்பத் திரும்பக் கண்டு வருந்தினால், மருத்துவரிடம், “செம்பு நோயாக இருக்குமா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அக்கேள்விக்குப் பொருட்செலவு இல்லை. எங்கள் வீட்டில் அதனைக் கேட்க எட்டு மாதம் ஆயிற்று.

என் மேசையின் இழுப்பறையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு வேளை மருந்துக்கும் அதில் ஒரு கோடு இடுகிறேன். பிறர் கணக்கைச் சோதிப்பவன் தன் கணக்கைச் சோதியாதிருக்கலாமா? தமையனார் இறந்த நாள் முதல் இன்றுவரை அதில் விடுபட்ட இடங்கள் மிகச் சில. இன்று காலையும் ஒரு கோடு இட்டுவிட்டே இதனை எழுத அமர்ந்தேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய மருந்தை உண்பவர் ஒருவர் இருந்தால், “நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் ஏன் மருந்து?” என்று கேளாதீர்கள். “இன்றைய மருந்து ஆயிற்றா?” என்று கேளுங்கள்.